கூப்பிட்டு வந்தவள்

குடும்பத்தைக் காக்கிற குலப் புனிதரின் நாளுக்கு அந்த ஊரில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. தேதி எல்லாருக்கும் தெரியும். அன்று காலையிலிருந்து கதவு திறந்திருக்கும். வருகிறவர் வருவார். புதிதாகப் பழக்கமான ஒருவரை வாழ்நாளில் ஒரே ஒருமுறை கூப்பிடலாம். அதன் பிறகு அவரும் வருஷா வருஷம் தானாக வந்துவிட வேண்டியதுதான். வீட்டு மனிதர்களைக் கூப்பிடுவது என்ற பேச்சே கிடையாது.

அப்படியிருக்க, புதன்கிழமை சாயங்காலம் ஒப்ராத் தன் தங்கை நெவெங்காவுக்குப் போன் செய்தான்.

"சனிக்கிழமை நம்ம புனிதர் நாள்."

"தெரியும்ணா. பொறந்ததுலேர்ந்து தெரியும்."

"இல்ல... வந்துடு."

"என்னிக்கு வராம இருந்தேன்?"

மறுமுனையில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் யாகோதா அண்ணி ஏதோ சொன்னாள். "சரி, வந்துடு" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

நெவெங்கா வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஒப்ராத் வாயிலிருந்து பாசம் வருவது பாறையிலிருந்து தண்ணீர் வருவது போல. வரும்போது இப்படித்தான் கோணல்மாணலாக வரும் என்று நினைத்துக்கொண்டாள். முப்பது வருஷம் வால்யெவோ நகரத்து ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்தவள் அவள். பளிங்கு போலத் தெரிகிற தண்ணீரையும் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. அண்ணன் குரலைச் சோதிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணமும் இருந்தது. செப்டம்பரில் ஆய்வகத்தை மூடிவிட்டார்கள். வாடகை வீட்டை நவம்பர் கடைசியில் காலி செய்வதாக அவள் சொல்லியாகிவிட்டது. ஐம்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, போவதற்கு ஒரே ஓர் இடம்தான். மலைமேல் பிறந்த வீடு. அதில் மாடியில், பிளம் தோட்டத்தைப் பார்த்த ஜன்னலோடு ஒரு சின்ன அறை.

அந்த அறைக்குப் பத்திரம் கிடையாது. வாக்குத்தான் உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன் அப்பா இறந்தபோது, அந்த ஊர்ச் சகோதரிகள் எல்லாரும் செய்கிறபடி, கோர்ட்டுக்குப் போய் நீதிபதி முன்னால் தன் பங்கு வேண்டாம் என்று நெவெங்கா எழுதிக் கொடுத்தாள். பங்கு கேட்கிற பெண்ணை ஊர் மன்னிக்காது. கையெழுத்துப் போட்டு வெளியே வந்ததும் கோர்ட்டுப் படியில் ஒப்ராத் அவளைக் கட்டிப்பிடித்து அழுதான். "அந்த ரூம் உன்னுது. நீ சாகிற வரைக்கும் உன்னுது. நான் உயிரோட இருக்கிறவரைக்கும் ஒருத்தன் அதுல கால் வைக்க மாட்டான்." அதைக் கேட்டவர் ஒருவர்தான் பக்கத்தில் இருந்தார். அப்பாவின் தங்கை, தேசா அத்தை.

அக்டோபரில் நெவெங்கா போனில் சொன்னாள்: "நவம்பர்ல வந்துடறேன்ணா, நிரந்தரமா." ஒப்ராத், "பார்த்துக்கலாம்" என்றான். அதையும் அவள் நல்லபடியாகவே எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பெரிய பெட்டி ஒன்றோடு பஸ் ஏறினாள். குளிர்காலத் துணிகள், ஒரு கம்பளி, காபி காய்ச்சும் சின்னப் பாத்திரம். மிச்சத்தைப் பிறகு கொண்டுவரலாம்.

வீடு தூரத்திலிருந்தே தெரிந்தது. கீழே கல், மேலே மரம், செங்குத்தான கூரை. இடிந்து விழ இருந்ததை மூன்று கோடையில் நிமிர்த்தியிருந்தார்கள். ஒப்ராத் கூரையிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டது முதல் கோடையில். நெவெங்கா தன் விடுமுறை முழுவதையும் அங்கேதான் கழித்தாள். உத்தரங்களில் அப்பியிருந்த எண்ணெய் பெயிண்டைச் சுரண்டியது அவள். சுவரில் ஏழு சுண்ணாம்புப் பூச்சு இருந்தது. ஐந்தாவது பூச்சு நீலம். அது என்ன நீலம் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் ஒரு துணுக்கைப் பெயர்த்து ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்தாள். திராட்சைக் கொடிக்குத் தெளிக்கிற மயில்துத்தம். அந்தக் காலத்தில் சுண்ணாம்பில் அதைக் கலந்து பூசியிருக்கிறார்கள். எத்தனை குடத்துக்கு எத்தனை பிடி என்று பன்னிரண்டு சில்லுகளில் கலந்து பார்த்து, காய வைத்து, மூன்றாவது கோடையின் கடைசி வாரத்தில் தன் அறையை மட்டும் அந்த நீலத்தில் பூசினாள். ஈரத்தில் அழுக்காகத் தெரிந்த நிறம் மூன்று நாளில் வானமாக வெளுத்தது. அந்த வாரம் முழுக்க அங்கேயே தரையில் படுத்துத் தூங்கினாள். இந்த வருஷம் ஆகஸ்டில் இறங்கிப் போனவள் இப்போதுதான் திரும்பி வருகிறாள்.

வாசலில் யாகோதா தட்டோடு நின்றாள். தட்டில் சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்து அரைத்த புனிதக் கோதுமை, ஒரு கிளாஸில் கரண்டிகள். வருகிற விருந்தாளி சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு உள்ளே வரவேண்டும். நெவெங்கா அண்ணியின் கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பினாள். வீட்டுப் பெண்கள் கோதுமையை வாசலில் எடுப்பதில்லை. வேலை நடுவே பாத்திரத்தை வழித்துச் சாப்பிடுவார்கள்.

"எடுத்துக்கோ" என்றாள் யாகோதா. தட்டு அவள் முகத்துக்கு நேரே வந்தது.

"நானா?"

"எடுத்துக்கோயேன், எனக்குக் கை வலிக்குது."

எடுத்துக்கொண்டாள். இனிப்பு கூடுதலாக இருந்தது.

ஒப்ராத் வந்து பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கினான். புதுச் சட்டை, ஒட்டச் சவரம் செய்த முகம். கட்டிப்பிடித்தான். முகத்தைப் பார்க்கவில்லை. "கனமா இருக்கே" என்றான்.

"குளிர்காலம் முழுக்க உள்ள இருக்கு. மேல வெச்சுடறியா?"

"அப்பறம். அப்பறம் பார்த்துக்கலாம்." பெட்டியை மாடிப்படிக்கு அடியில், விருந்தாளிகளின் குடைகளோடு வைத்தான்.

சமையலறைக் கதவின் பின்னால் ஆணியில் அவள் ஏப்ரன் இல்லை. அடுப்பில் முட்டைக்கோஸ் சுருள்கள் கொதித்தன. அவள் அகப்பையை எடுத்தாள். பின்னால் வந்த யாகோதா அதை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு நீ உட்காரு. வருஷம் முழுக்க வேலை பார்க்கிறே."

"நான் உட்கார்ந்தா யாரு பரிமாறறது?"

"அண்டை வீட்டுப் பொண்ணு வந்திருக்கா. போ, போய் உட்காரு. தேசா அத்தை தனியா இருக்காங்க."

அது அன்புதான் என்று நினைத்துக்கொண்டு நெவெங்கா போய் உட்கார்ந்தாள். புனிதர் நாளில் அந்த மேஜையில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மேஜை நடுவே பெரிய மெழுகுவர்த்தி எரிந்தது. பாதிரியார் வந்து புனித ரொட்டியை எடுத்தபோது ஒப்ராத்தும் யாகோதாவும் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். அதை மூன்று முறை சுழற்றினார்கள். எப்போதும் நெவெங்காவின் கையும் அதில் இருக்கும். இன்று அவள் மேஜையின் எதிர்ப்பக்கம் இருந்தாள். எழுந்தால் நான்கு பேரைத் தாண்டிப் போகவேண்டும். பாதிரியார் ரொட்டியைச் சிலுவையாகக் கீறி ஒயின் ஊற்றினார். இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். அப்பாவின் பெயர் வந்தபோது நெவெங்கா தலை குனிந்தாள்.

பிறகு சாப்பாடு. ஒப்ராத் கையில் பாட்டிலோடு மேஜையைச் சுற்றி வந்தான். அன்று விருந்தாளி மேஜையில் இருக்கிற வரைக்கும் வீட்டுத் தலைவன் உட்காரக் கூடாது. அப்பா தன் கடைசிப் புனிதர் நாளில் ஊன்றுகோலைப் பிடித்தபடி ஏழு மணி நேரம் நின்றார். ஒப்ராத் முழங்காலை விறைப்பாக வைத்து நடந்தான். நேராக நிற்கிறவன் போலக் காட்டிக்கொண்டான்.

"நெவெங்கா!" என்று மேஜையின் மறுகோடியிலிருந்து கத்தினார் பக்கத்து வீட்டு ராதிஷா. எழுபது வயது, ஊரில் வாய் அதிகம். "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? ஏன் உட்கார்ந்திருக்கே?"

"உட்காரச் சொன்னாங்க மாமா."

"இந்த வீட்டுல நீ உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லையே. உங்கப்பா செத்த அன்னிக்குக்கூட நின்னுக்கிட்டுத்தான் இருந்தே."

"அண்ணன் இந்தத் தடவை போன் போட்டுக் கூப்பிட்டான். அதான் மரியாதை பலமா இருக்கு."

"கூப்பிட்டானா? உன்னையா?" ராதிஷா முட்கரண்டியைக் கீழே வைத்தார். "அடேய் ஒப்ராத், என்னை மட்டும் கூப்பிட்டுடாதே. பயந்துடுவேன். இன்னிக்குப் பேர் சொல்லிக் கூப்பிடறவர் பாதிரியார் ஒருத்தர்தான், அதுவும் செத்தவங்களை."

மேஜை சிரித்தது. ஒப்ராத் ஒரு கிளாஸில் ஊற்றிக்கொண்டிருந்தான். அது ஏற்கனவே நிறைந்திருந்தது. பிளம் சாராயம் விரிப்பில் வழிந்தது.

"பரவாயில்லை, பரவாயில்லை, வழிஞ்சா அதிர்ஷ்டம்" என்றார் ராதிஷா. "எது எப்படியோ, வீடு மணமேடை மாதிரி இருக்கு. அந்த நீல அறைக்கு வருஷக் கடைசி வரைக்கும் வாடகைக்கு ஆள் சொல்லி வெச்சாச்சாமே, யாகோதா? என் மருமக கம்ப்யூட்டர்ல காட்டினா. என்ன படம், என்ன படம்! அந்தச் சுவரைப் பார்த்தா நானே காசு கொடுத்துப் படுத்துக்கலாம்போல இருக்கு. என் வீடு இங்கேர்ந்து நாப்பது அடி."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி அவசரமாகப் பன்றிக்கறித் தட்டைப் பக்கத்தில் தள்ளினாள். பாதிரியார் தன் தாடியில் ரொட்டித் துகள் இருக்கிறதா என்று பார்த்தார். ராதிஷா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கடைசியில் நெவெங்காவின் முகத்துக்கு வந்து நின்றார். அவர் வாய் மெல்ல மூடியது.

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ராதிஷாவுக்குத் தெரியாத ஒன்று, அவளுக்குத் தெரியாது என்பதுதான்.

நெவெங்கா எழுந்தாள். நான்கு பேரைத் தாண்டினாள். மாடிப்படியில் புது மெழுகு வாசனை.

கதவில் பித்தளைத் தகடு. 3 என்று இருந்தது. கதவு பூட்டியிருக்கவில்லை. நீலம் அவள் விட்டுப்போனது போலவே இருந்தது, இன்னும் கொஞ்சம் வெளுத்து. ஜன்னலுக்குக் கீழே ரெட்டைக் கட்டில், நான்கு தலையணை, மடித்த வெள்ளைத் துண்டுகளின் மேல் ஒரு சின்ன சோப்பு. அம்மாவின் பழைய மரப்பெட்டி கட்டில் காலடியில் அலங்காரமாக நின்றது. அதன்மேல் காய்ந்த சுரைக்காய் மூன்று. சுவரில் சட்டம் போட்ட அட்டை: இந்தச் சுவரின் நிறம் பழைய முறைப்படி மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தயாரிக்கப்பட்டது.

யார் தயாரித்தது என்று எழுதியிருக்கவில்லை.

அவள் சுவரைத் தொட்டாள். விரலில் நீலம் ஒட்டவில்லை. கலவை சரியாகத்தான் இருந்திருக்கிறது.

கீழே சமையலறையில் யாகோதா முதுகைக் காட்டிக்கொண்டு கேக் வெட்டினாள்.

"நாளைக்கு வராங்க" என்றாள், திரும்பாமலே. "பெல்கிரேடிலேர்ந்து. புருஷன், பொண்டாட்டி. முதல் ஆளுங்க."

"நான் நவம்பர்ல வரேன்னு சொன்னேன் அண்ணி."

"தெரியும்."

"வாடகை வீட்டை விட்டுட்டேன்."

யாகோதாவின் கத்தி நின்றது. "அதை அவன் சொல்லலியே." பிறகு திரும்பினாள். கண்ணில் கோபமா பயமா என்று தெரியவில்லை. "இங்க பாரு, நான் திருட்டுத்தனமா எதுவும் செய்யல. 'அவகிட்டச் சொல்லிடு, சொல்லிடு'ன்னு ரெண்டு மாசமா அவனைப் பிடுங்கிட்டிருக்கேன். புதன்கிழமை நானே நம்பரைப் போட்டு அவன் கையில கொடுத்தேன். சொல்றதுக்குத்தான் கொடுத்தேன். அவன் 'வந்துடு, வந்துடு'ன்னு ரெண்டு தடவை உளறிட்டு வெச்சுட்டான்."

நெவெங்கா சுவரில் சாய்ந்தாள். மூன்று நாளாக அந்த 'வந்துடு'வை வைத்துக்கொண்டு அவள் சிரித்திருக்கிறாள். பஸ்ஸில்கூட.

"வேற ரூம் இருக்கே. மாடியில நாலு இருக்கு."

"நாலும்தான் விடறோம். இவ்வளவு பெரிய வீட்டை நிமிர்த்தியாச்சு, அது தன் சோத்தைத் தானே சம்பாதிக்க வேணாமா? வசந்தத்துல வெளி அடுப்பங்கரையில உனக்குக் கட்டில் போட்டுத் தரோம். கணப்பு வெச்சுத் தரோம். நீ ஒண்டிக்கட்டை, எவ்வளவு இடம் வேணும்?"

"வசந்தம் வரைக்கும்?"

யாகோதா ஒரு துண்டு கேக்கைத் தட்டில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

நெவெங்கா மேஜைக்குத் திரும்பி வந்து தேசா அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தைக்கு எண்பத்து ஒன்று. கறுப்புத் தலைத்துணி, சின்ன முகம். அந்த வீட்டில் பிறந்தவள். தன் காலத்தில் அவளும் அதே கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுத் தன் பங்கை அண்ணனுக்கு விட்டவள். 'போட்டுடு கண்ணு, அண்ணன் இருக்கான்' என்று நெவெங்காவின் கையைப் பிடித்துக் கோர்ட்டுக்கு அழைத்துப்போனவளும் அவள்தான்.

"அத்தை" என்றாள் நெவெங்கா. குரலை உயர்த்தவில்லை. மேஜை அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "கோர்ட்டுப் படியில அண்ணன் என்ன சொன்னான்? நீங்க பக்கத்துல இருந்தீங்களே."

ஒப்ராத் பாட்டிலோடு கணப்பின் அருகே நின்றிருந்தான். அசையவில்லை.

தேசா அத்தை தன் தட்டிலிருந்த எலும்பைத் திருப்பிப் போட்டாள். "எந்தப் படியில?"

"அப்பா செத்து நாப்பது நாள் கழிச்சு. மழை பெய்ஞ்சுது. என் குடையை நீங்க பிடிச்சிருந்தீங்க."

"வயசாச்சு கண்ணு. ஞாபகம் இல்லை."

"ரூமைப் பத்திச் சொன்னான்."

"ஞாபகம் இல்லைன்னு சொல்றேனே." அத்தை மெழுகுவர்த்தியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். "இன்னிக்குப் புனிதர் நாள். எரியற விளக்குக்கு முன்னாடி வழக்குப் பேசக் கூடாது."

"ஆமாம்மா, இன்னிக்கு வேண்டாம்" என்றார் பாதிரியார், நிம்மதியாக.

நெவெங்கா வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயால் வாதாடி எதையும் ஜெயித்தவள் இல்லை. ஆய்வகத்தில்கூட, யாராவது முடிவை மறுத்தால், பேசாமல் இன்னொரு பாட்டில் தண்ணீர் எடுத்து மறுபடி முதலிலிருந்து செய்து காட்டுவாள்.

இங்கேயும் முதலிலிருந்து பார்த்தாள். போன் போட்டுக் கூப்பிட்டார்கள். வாசலில் கோதுமை கொடுத்தார்கள். ஏப்ரனை எடுத்து ஒளித்தார்கள். ரொட்டிக்கு எட்டாத இடத்தில் உட்கார வைத்தார்கள். சரி. அவள் விருந்தாளி. சோதனை முடிவு அதுதான் என்றால் அதற்கு என்ன பொருளோ அது முழுவதும் இருக்கட்டும்.

நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணா" என்றாள். "கொஞ்சம் காபி."

ஒப்ராத் கொண்டுவந்து வைத்தான்.

மூன்று மணிக்குப் பாதிரியார் எழுந்தார். அவருக்கு இன்னும் நான்கு வீடு பாக்கி. நான்கு மணிக்குள் தூரத்து ஊர்க்காரர்கள் போய்விட்டார்கள். ஒவ்வொருவர் எழுந்தபோதும் ஒப்ராத் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு நொண்டிக்கொண்டு திரும்பி வந்தான். ஒவ்வொரு முறை திரும்பியபோதும் நெவெங்காவின் நாற்காலியைப் பார்த்தான். அவள் அங்கேயே இருந்தாள். அவன் நின்றான்.

ராதிஷா எழுந்திருக்க மனமில்லாமல் எழுந்தார். குனிந்து அவள் காதில் சொன்னார்: "எனக்குத் தெரியாதும்மா. உன்கிட்டச் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன். என் நாக்கை வெட்டணும்."

"உங்க நாக்கு ஒண்ணுதான் மாமா இன்னிக்கு இந்த வீட்டுல ஒழுங்கா வேலை செஞ்சுது."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. தொப்பியைக் கையில் பிடித்தபடியே வெளியே போனார்.

தேசா அத்தை கிளம்பினபோது அவள் கோட்டை நெவெங்காவே எடுத்துக் கொடுத்தாள். ஒப்ராத் காரை எடுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வெளியே போயிருந்தான். அத்தை சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வயதுக்கு மீறிய பிடி.

"ஞாபகம் இருக்கு" என்றாள். "உன் குடை பச்சை. ஒரு கம்பி உடைஞ்சிருந்தது."

அத்தை வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன வாரம் அவன்தான் விறகு கொண்டுவந்து போட்டான். பிளந்து, அடுக்கிக் கொடுத்துட்டுப் போனான். வருஷா வருஷம் அவன்தான் போடறான். நீ போடுவியா? உன்னால முடியுமா?" அத்தையின் கண்ணில் ஈரம் இல்லை. "நானும்தான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு யாரு ரூம் கொடுத்தா? பொம்பளைக்கு வாக்குன்னா என்ன கண்ணு, கையெழுத்துப் போடற வரைக்கும் பிடிச்சுக்கிறதுக்கு ஒரு குடை."

"அப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே அத்தை. அந்தப் படியிலேயே."

அத்தை கையை விட்டுவிட்டு, கோட்டின் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டிக்கொண்டு போனாள்.

ஐந்து மணிக்கு மேஜையில் நெவெங்கா மட்டும் இருந்தாள். வெளியே பிளம் மரங்கள் வெறும் குச்சிகளாக நின்றன. யாகோதா தட்டுகளை எடுத்தாள், விரிப்பை உதறினாள், வேறொன்று போட்டாள். மெழுகுவர்த்தி ஒரு சாண் இறங்கியிருந்தது. அதை ஒயின் விட்டு அணைக்க வேண்டியவன் வீட்டுத் தலைவன். விருந்தாளி இருக்கும்போது அணைக்க முடியாது.

"கடைசி பஸ் ஆறேகாலுக்கு" என்றாள் யாகோதா, யாரையும் பார்க்காமல்.

"தெரியும் அண்ணி."

ஒப்ராத் நின்றான். கணப்பின் விளிம்பில் கையை ஊன்றியிருந்தான். காயம்பட்ட காலிலிருந்து மற்ற காலுக்கு மாறினான். மறுபடி மாறினான். உதட்டின்மேல் வியர்வை.

"நெவெங்கா" என்றான் கடைசியில். "காலு போயிடும்போல இருக்கு."

"அப்பா ஏழு மணி நேரம் நின்னார்."

"நீ விருந்தாளி இல்லை. நீ இருந்தாலும் நான் உட்காரலாம்."

"அப்படியா? அப்போ உட்காரு." அவள் பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளினாள். "உட்கார்ந்தேன்னா நான் இந்த வீட்டுப் பொண்ணு. மேல போய் என் ரூம்ல என் பெட்டியைப் பிரிக்கிறேன். அந்த பெல்கிரேடுக்காரங்களுக்கு நாளைக்கு நீயே பதில் சொல்லு."

நாற்காலி இருவருக்கும் நடுவே நின்றது. ஒப்ராத் அதைப் பார்த்தான். சமையலறை வாசலில் யாகோதா கையில் துண்டோடு நின்று அவனைப் பார்த்தாள். நெவெங்காவும் பார்த்தாள். ஒரு கணம் அவன் கை நாற்காலியின் முதுகில் பட்டது. அந்த ஒரு கணத்தில் அவளுக்கு எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று இருந்தது. போனை, தகட்டை, சுரைக்காயை எல்லாம்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். நிமிர்ந்து நின்றான்.

"சரி" என்றாள் நெவெங்கா. அவள் குரல் அவளுக்கே தூரத்திலிருந்து கேட்டது. "ஒண்ணு மட்டும் சொல்லிடு. போயிடறேன். அந்தப் படியில சொன்னியா, இல்லையா? அத்தை கேட்டாங்களா, இல்லையா? நானே கற்பனை பண்ணிக்கிட்டேனான்னு எனக்குத் தெரியணும்."

விறகு ஒன்று கணப்பில் சரிந்தது.

"சொன்னேன்" என்றான். "அத்தை இருந்தாங்க. அன்னிக்கு மனசாரத்தான் சொன்னேன், நெவெங்கா. இந்த வீட்டுக்கு அப்போ கூரையே சரியா இல்லை. யாரு வருவாங்கன்னு நினைச்சேன்?"

யாகோதா துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இடிந்த வீட்டில் ஓர் அறையைக் கொடுப்பது சுலபம். அதை அழகாக்கிக் கெடுத்தவள் அவளேதான். நெவெங்கா எழுந்தாள். உட்கார்ந்தே இருந்ததில் அவள் காலும் மரத்திருந்தது. மாடிப்படிக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். குடைகள் எல்லாம் போயிருந்தன.

வாசலில் யாகோதா ஒரு பொட்டலத்தோடு வந்தாள். அலுமினியத் தாளில் கறி, ரொட்டி, கேக். தூரத்திலிருந்து வந்த விருந்தாளிக்குக் கட்டிக் கொடுப்பது. கண் சிவந்திருந்தது. "வழியில சாப்பிடு. அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"கூப்பிட வேணாம் அண்ணி" என்றாள் நெவெங்கா. பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். விருந்தாளி அதை மறுப்பது மரியாதை இல்லை. "ஒரு தடவை கூப்பிட்டாச்சு. அது ஆயுசுக்கும் போதும். வருஷா வருஷம் நானே வருவேன். முதல் ஆளா வருவேன், கடைசி ஆளா எழுந்திரிப்பேன்." அண்ணனைப் பார்த்தாள். "காலுக்கு வைத்தியம் பார்த்துக்கோ அண்ணா. நிக்கணும் இல்லையா."

பெட்டியின் சக்கரம் கல்பாதையில் தடதடத்தது. நாளைக் காலையில் வீட்டுக்காரம்மாவிடம் போய் வசந்தம் வரைக்கும் இருந்துகொள்ளட்டுமா என்று கேட்க வேண்டும். என்ன சொல்லிக் கேட்பது என்று இப்போதே யோசித்துக்கொண்டு நடந்தாள். சரியான வாக்கியம் வரவில்லை.

வேலியருகே வந்தபோது திரும்பிப் பார்த்தாள். விருந்தாளி வேலியைத் தாண்டும்வரை வழியனுப்புகிறவன் உள்ளே போகக் கூடாது. ஒப்ராத் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவள் பெட்டியை நிறுத்தினாள். கையுறையை எடுத்தாள். முதலில் இடது கை, பிறகு வலது கை என்று ஒவ்வொரு விரலாக, அவசரம் இல்லாமல் மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள்.